தண்டவாளம் இருந்தும் ஊர் ஏன் தேய்ந்தது?

கேள்வி:
வணக்கம். ரயிலால் பிறந்த அமெரிக்கச் சிற்றூர்களைப் பற்றிப் படித்து வருகிறேன். ரயில் பாதையை இழந்த ஊர் பாழானது என்றால் எளிதில் புரிகிறது. யூட்டா மாநிலத்தின் புரோமன்டரியில் 1869 மே 10 அன்று கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. 1904-இல் பெரிய உப்பு ஏரியின் குறுக்கே நேர்வழி அமைந்ததும் அந்த மேட்டுப் பாதை மதிப்பிழந்தது. 1942-இல் போர்த் தேவைக்காக அதன் இரும்பையும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் தர்மண்ட் வழியாக இன்றும் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. அப்படியிருந்தும் 2010 கணக்கெடுப்பில் அவ்வூரின் மக்கள்தொகை வெறும் 5. காரும் நெடுஞ்சாலையும்தான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். அந்த விளக்கம் போதுமா?

மறுமொழி 1:
போதாது என்பதே என் கருத்து. நீராவி எஞ்சின் சில பத்து மைல்களுக்குள்ளாகவே தண்ணீருக்கு நின்றாக வேண்டும். நிலக்கரி ஏற்றுவது, சாம்பல் அள்ளுவது, கொதிகலனைக் கழுவுவது, தேய்ந்த பாகங்களை மாற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். அதோடு, சரக்கு ரயில் ஊழியருக்கு 100 மைல் ஓட்டம் ஒரு நாள் வேலையாகக் கணக்கிடப்பட்டதால், ஏறத்தாழ அந்தத் தொலைவுக்கு ஒன்றாகப் பணிமாற்ற ஊர்கள் எழுந்தன. லோகோ ஷெட், இரவு தங்க வரும் ஓட்டுநர்களுக்கும் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன்களுக்கும் விடுதி, அவர்கள் சம்பளத்தை நம்பிய கடைகள், பிறகு பள்ளி, தேவாலயம் என்று ஊர் விரிந்தது. நிலமே விளையாத பாலைவெளியில்கூட இப்படி ஊர்கள் நின்றன.

டீசல் எஞ்சின் இந்தத் தேவைகளில் பெரும்பாலானவற்றை ஒரே அடியாக நீக்கிவிட்டது. 1940-களில் வேகமெடுத்த அந்த மாற்றம் 1960-க்குள் ஏறக்குறைய முடிந்தது. ரயில் வராமல் போகவில்லை. நிற்க வேண்டிய அவசியம்தான் போயிற்று. வேலை இழந்தவர்களில் பலர் அங்கேயே வீடு கட்டிக் குடியேறிய கைதேர்ந்த தொழிலாளர்கள். அவர்கள் கற்ற தொழிலை அந்த ஊரில் வேறு யாரும் கேட்கவில்லை, அவர்கள் கட்டிய வீட்டை வாங்கவும் ஆளில்லை.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தர்மண்டின் கதையில் நிலக்கரிதான் முதலில் வருகிறது. நியூ ரிவர் பள்ளத்தாக்கில் செசபீக் அண்ட் ஒஹாயோ நிறுவனத்தின் பாதை 1873-இல் திறக்கப்பட்டது. சுற்றியிருந்த சுரங்கங்களின் கரி கிளைப் பாதைகள் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. மலைக்கும் ஆற்றுக்கும் இடையில் இடமே இல்லாததால் கடைகளும் வங்கியும் தண்டவாளத்தைப் பார்த்தபடியே நின்றன. ஊரின் கடைத்தெருவே ரயில் பாதைதான். ஆற்றின் மறுகரையில் 1901-இல் திறக்கப்பட்ட டன் கிளென் விடுதி 1930-இல் எரிந்துபோனது. பிறகு சுரங்கங்கள் ஓய்ந்தன, டீசல் வந்தது. ஆகவே டீசலை மட்டும் குற்றம் சொல்வது, பல நோய்களால் இறந்தவருக்குக் கடைசிக் காய்ச்சலை மட்டும் காரணமாகச் சொல்வதைப் போன்றது. நிலையக் கட்டடத்தை இன்று தேசியப் பூங்காத் துறை பார்வையாளர் மையமாகப் பேணுகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் லோகோ ஷெட்டோ சுரங்கமோ இல்லாத சமவெளி விவசாய ஊர்கள் ஏன் சுருங்கின?

மறுமொழி 3:
அங்கேதான் நீங்கள் முதலில் குறிப்பிட்ட சாலைக்கு முழுப் பங்கு உண்டு. குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் விவசாயி அன்றே வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் அவ்வூர்களுக்கு இடையிலான தூரத்தை முடிவு செய்தது. அதனால் சில மைல்களுக்கு ஒரு நிலையமும் தானியக் கிடங்கும் அமைந்தன. பல இடங்களில் ரயில் நிறுவனங்களே ஒரே வரைபடத்தை வைத்து ஊருக்குப் பின் ஊராக மனை பிரித்து விற்றன. லாரி வந்ததும் அந்த அளவுகோல் பொருளற்றதாகி, அருகருகே இருந்த நான்கு ஊர்களின் வேலையைச் சற்றுப் பெரிய ஓர் ஊரே செய்தது.

ஆட்டம் கண்டிருந்த கிளைப் பாதைகளுக்கு அஞ்சல் வருமானம் ஓரளவு முட்டுக்கொடுத்து வந்தது. 1967-இல் முதல் வகுப்பு அஞ்சலில் பெரும்பகுதியை ரயிலிலிருந்து எடுத்தபோது பயணிகள் ரயில்கள் பலவற்றின் கணக்கும் முடிந்தது. 1916 வாக்கில் சுமார் 2,54,000 மைலாக உச்சத்தில் இருந்த பாதை நீளம் அதன்பின் குறைந்துகொண்டே வந்தது. ரயில் நிறுவனங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி 1980-இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம், நட்டத்தில் ஓடும் கிளைகளைக் கைவிடுவதை இன்னும் எளிதாக்கியது. கிளை போன பிறகும் சில ஊர்களில் தானியக் கிடங்கு மட்டும் இயங்குகிறது, லாரியை நம்பி.