பின்கதவும் குவார்ட்டர் பேனலும் நசுங்கியுள்ளன: தட்டி நிமிர்த்துவதா, மாற்றுவதா?

கேள்வி:
வணக்கம். சென்னையில் தெருவோரம் நிறுத்தியிருந்த என் காரின்மீது பைக் ஒன்று சாய்ந்துவிட்டது. அதன் கால்மிதி பட்டு இடப்பக்கப் பின்கதவின் கீழ் விளிம்பு கூர்மையாக மடங்கி, அங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது. பைக்கின் கைப்பிடி அமுக்கியதில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள குவார்ட்டர் பேனலில் உள்ளங்கை அகலப் பள்ளம். பெயிண்டில் கீறல் இல்லை. சர்வீஸ் மையத்தில் இரண்டையும் மாற்றவேண்டும் என்று 58,000 ரூபாய்க்கு மதிப்பீடு தந்தார்கள். பக்கத்துப் பட்டறையில் இரண்டையும் டிங்கரிங் செய்து 13,000 ரூபாயில் முடிக்கலாம் என்கிறார்கள். வண்டிக்கு ஆறு வயது, 1200 சிசி. காப்பீட்டில் 50 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருக்கிறது. ஜீரோ டிப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் கூடுதல் காப்பீடு) எடுக்கவில்லை. எந்த வழி சரி?

மறுமொழி 1:
கோவையில் டிங்கரிங் பட்டறை நடத்துகிறேன். இருவரும் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். கதவு கீல்களில் போல்ட்டால் நிற்பது. கழற்றி வேறொன்றை மாட்டினால் வண்டிக்கு எந்தச் சேதமும் இல்லை. குவார்ட்டர் பேனலோ பாடியோடு வெல்டிங் செய்யப்பட்டது. அதை மாற்றவேண்டுமானால் தகட்டை அறுத்து, ஸ்பாட் வெல்டுகளைக் குடைந்தெடுத்து, புதியதைப் பற்றவைக்க வேண்டும். தொழிற்சாலையில் கொடுத்த துருத்தடுப்பும் சீலன்ட்டும் அந்த இடங்களில் போய்விடும் என்பதால் பிற்பாடு துரு அங்கேதான் தொடங்கும். பெயிண்ட் உடையாத ஒரு பள்ளத்துக்காக எவரும் இதைச் செய்யக்கூடாது. டிக்கியின் உள் உறையைக் கழற்றிவிட்டு, உட்புறமிருந்து கம்பியால் மெல்ல மெல்ல அழுத்தி எடுக்கும் பிடிஆர் முறையே போதும். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம்.

கதவின் கதை வேறு. கீழ் விளிம்பில்தான் வெளித்தகடு உள்சட்டத்தைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வடிவதும் அங்கேதான். மடிப்பு உடைந்தபின் சுத்தியலால் தட்டிப் பட்டி பூசினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஓரிரு மழைக்காலங்களில் பெயிண்ட் கொப்புளிக்கும். ஆகவே கதவை மாற்றுங்கள், பேனலை நிமிர்த்துங்கள்.

மறுமொழி 2:
காப்பீட்டில் கோருமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டைக் கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள். பெயிண்டுப் பொருளில் பாதியும் உங்கள் தலையில்தான். ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு, 1500 சிசி வரை 1,000 ரூபாய். இவற்றைவிடப் பெரிய இழப்பு போனஸ்தான். கோரினால் அது சுழியத்துக்கு இறங்கி, பின்னர் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடியும் 50 ஆகும். இடையில் ஆண்டுதோறும் 50-இலிருந்து குறைவதை (50, 30, 25, 15, 5) கூட்டினால், சொந்தச் சேதப் பிரீமியத்தின் (உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி) 125 விழுக்காடு வருகிறது. பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தில் போனஸ் கிடையாது என்பதால் அதைச் சேர்க்க வேண்டாம். போனஸ் கழிக்குமுன் சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்று வைத்தால், இழப்பு ஏறத்தாழ 10,000 ரூபாய். கதவு ஒன்றுக்காகக் கோருவது வீண்.

மறுமொழி 3:
சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அதே நிறத்தில் பழைய கதவு கிடைத்தால் செலவு இன்னும் குறையும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். அது ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகட்டின்மேல் தடிமனாகப் பட்டி இருக்கிறது என்று பொருள். கீழ் மடிப்பை விரலால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நிறக்குறியீடு ஒன்றாகவே இருந்தாலும் வெயிலில் வெளுத்த அளவு வேறுபடும். மெட்டாலிக் நிறமென்றால் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வண்டி மெட்டாலிக் சாம்பல் நிறம்தான். பேனலைப் பிடிஆர் செய்பவரிடம் காட்டப்போகிறேன். கதவைத் தேடச் சனிக்கிழமை காந்தத்தோடு புதுப்பேட்டைக்குக் கிளம்புகிறேன்.