மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம்: உங்கள் வீட்டில் என்ன கதை?

ஏற்காடு ரோட்டுக்காரன்:

சேலத்துப் பழைய குடும்பங்களில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். வேலை பார்த்தவர், சாப்பாடு சப்ளை செய்தவர், கும்பல் காட்சியில் ஈட்டி பிடித்து நின்றவர் என்று யாராவது ஒருவர். எங்கள் வீட்டில் பெரியப்பா. செட் போடும் தச்சு வேலை.

அவரை யாராவது சினிமாக்காரர் என்று சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். "மாடர்ன் தியேட்டர்ஸ்ல வேலை" என்பார், மற்றவர்கள் மில்லில் வேலை என்று சொல்கிற அதே தோரணையில். மாதச் சம்பளம். காலையில் சொன்ன நேரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். டி.ஆர். சுந்தரத்தை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எப்போதும் முதலாளிதான்.

மில் மாதிரி இருந்ததில் ஆச்சரியமும் இல்லை. சுந்தரம் திருச்செங்கோட்டு நூல் வியாபாரக் குடும்பத்தில் 1907இல் பிறந்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். ஊர் திரும்பியவர் முதலில் ஏஞ்சல் பிலிம்ஸில் கூட்டாளி. அப்புறம் ஏற்காடு அடிவாரத்தில் சொந்தமாக மாடர்ன் தியேட்டர்ஸ். அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இவர் படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாவற்றையும் சேலத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்தார். கேமராவுக்கு ஜெர்மன்காரரை அழைத்துவந்தார். முதல் படம் 'சதி அகல்யா', 1937.

முதலாளியின் பெருமையாகப் பெரியப்பா சொன்னது எம்.ஜி.ஆர். கதையெல்லாம் இல்லை. "ஒரு செட்டைப் பிரிச்சா, அந்தப் பலகை அடுத்து எந்தப் படத்துக்குப் போகுதுன்னு கணக்கு இருக்கும்டா" என்பதுதான். நூறு படங்களுக்கு மேல் அந்த காம்பவுண்டிலிருந்து வெளிவந்தது எப்படி என்று கேட்டால் நானும் அந்தப் பலகைக் கணக்கைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் வீட்டுக் கதைகளைப் போடுங்கள்.

ரீல் பெட்டி:

நான் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவன். ஸ்டுடியோவுக்குள் போனதில்லை. எனக்கு முதலாளி என்றால் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பெட்டிதான். 1956இல் வந்த படம், தமிழில் முதல் முழு நீள வண்ணப் படம், இயக்கமும் அவரே. நான் ஓட்டியபோது பழசாகிவிட்டது. பிரிண்டில் கீறல், அங்கங்கே ஒட்டு, கேவா கலர் (அந்தக் காலத்து வண்ணப் பிலிம்) வெளுத்து ஒரு மாதிரி சிவந்திருந்தது. ஆனாலும் 'மாசிலா உண்மைக் காதலே' வந்தால் மணல் மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கறுப்பு வெள்ளையிலேயே நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த மனிதர் கலருக்குப் பணம் போட்டாரே, அது கணக்குப் பார்க்கிறவர் மட்டும் செய்கிற காரியம் இல்லை. பெரியப்பா சொன்ன பலகைக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

இன்னொன்று. 'பர்மா ராணி'யில் ஜப்பானிய அதிகாரியாக வருகிறவர் சாட்சாத் முதலாளியே. அதை ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவேன், யாரும் நம்பமாட்டார்கள்.

கோட்டயம் மருமகள்:

எனக்குப் பிறந்த ஊர் ஆத்தூர், வாக்கப்பட்டது கோட்டயம். கல்யாணமான புதிதில், சேலம் பக்கம் என்று சொன்னதுமே மாமனார் கேட்ட முதல் கேள்வி, "மாடர்ன் தியேட்டர்ஸ் பார்த்திருக்கிறாயா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938) தயாரித்தது சுந்தரம். முதல் வண்ணப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961), அதுவும் அவரே, இயக்கமும் அவரே. எங்கள் ஊர்க்காரரைப் பற்றி வேறு மாநிலத்தில், வேறு மொழிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் சேலம் என்றால் இரும்பு, மாம்பழம் என்றுதான் எழுதவைத்தார்கள்.

கறார் வாசகன்:

எல்லோரும் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று புகழ்கிறீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. மாதச் சம்பளத்தில் இருப்பவருக்குப் படம் ஓடினாலும் அதே சம்பளம்தானே? பேர் பேனருக்குப் போய்விடும். பெயர் தெரியாத எத்தனை பேர் அங்கே உழைத்திருப்பார்கள்!

ஆனால் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடிப்பதில் அவருக்கு இருந்த மூக்கை மறுக்க முடியாது. கலைஞர் எழுதிய 'மந்திரி குமாரி' (1950) வெளிவந்தபோது அவருக்கு வயது 26. கண்ணதாசன் மாடர்ன் தியேட்டர்ஸின் 'சண்டமாருதம்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். படக் கம்பெனி தனக்கென்று ஒரு பத்திரிகை நடத்தி, அதில் எழுத்தாளரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது! இன்று எந்தத் தயாரிப்பாளர் செய்கிறார்?

ஏற்காடு ரோட்டுக்காரன்:

கறார் சார், உங்கள் கேள்வி நியாயமானதுதான். பெரியப்பா பெயரும் எந்த டைட்டிலிலும் கிடையாது. ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது, அதில் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். படத்துக்குப் படம் கூலி பேசி அலைகிற இன்றைய செட் ஆட்களிடம் எது தேவலை என்று கேட்டுப் பாருங்கள்.

1963இல் முதலாளி காலமான பிறகு மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று ஜெய்சங்கர் படங்கள் வந்தன. எனக்கு அவை பிடிக்கும், அதில் வெட்கம் இல்லை. ஆனால் அதற்குள் சினிமா முழுக்கக் கோடம்பாக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. நடிகர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று படங்களுக்குத் தேதி கொடுக்கிற காலம். அவர்களைச் சேலத்துக்கு வரவழைத்து நாள்கணக்கில் தங்கவைப்பது கட்டுப்படியாகாது. எந்த ஒரே காம்பவுண்டு பலமாக இருந்ததோ, அதுவே பாரமாகிவிட்டது. இப்போது ரோட்டோரம் அந்த நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே வீடுகள்.

'சண்டமாருதம்' பழைய இதழ் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஸ்கேன் செய்து போடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.