மின்ட் நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லை, ‘ஆர்எஸ்டியை அணை’ என்று நின்றுவிடுகிறது: விண்டோஸ் போகாமல் சரிசெய்ய முடியுமா?

மனு தட்டச்சு

அனைவருக்கும் வணக்கம். நீதிமன்றத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம் எல்லாம் ஒரே ஒரு லேப்டாப்பில்தான் அடிக்கிறேன். இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 10.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. 11 போடலாம் என்று பார்த்தால், எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்று மறுத்துவிடுகிறது. வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் 22.2 சின்னமன் பதிப்பை இறக்கிப் பென் டிரைவில் ஏற்றினேன். பென் டிரைவிலிருந்து அருமையாகத் திறக்கிறது. ஆனால் ‘இன்ஸ்டால்’ கொடுத்துக் கொஞ்ச தூரம் போனதும், இந்தக் கணினியில் இன்டெல் ஆர்எஸ்டி இருக்கிறது, அதை அணைத்துவிட்டு வா என்று ஒரு திரை வந்து நின்றுவிடுகிறது. மேலே போக வழியே இல்லை. டிஸ்க்ஸ் செயலியைத் திறந்தால் பென் டிரைவ் மட்டும்தான் தெரிகிறது, எஸ்எஸ்டியைக் காணோம். விண்டோஸில் அதே எஸ்எஸ்டி நன்றாக வேலை செய்கிறது.

பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கேட்டேன். எஸ்எஸ்டி போகப்போகிறது, புதிதாக மாற்றுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துத்தான் போட முடியும் என்றார்கள். பல வருட மனுக்கள் உள்ளே இருக்கின்றன. விண்டோஸும் இருக்க வேண்டும், மின்ட்டும் வேண்டும். வழி இருந்தால் சொல்லுங்கள்.

வேகப்பிரியன்

எதற்கு இரண்டு? பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய், எஸ்எஸ்டியை அணுகும் முறையை ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள், எஸ்எஸ்டி தெரியும். ‘எரேஸ் டிஸ்க்’ கொடுத்து மின்ட்டை மட்டும் போடுங்கள். அரை மணி நேர வேலை.

கணினி ஆசிரியை

தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். பயாஸில் மாற்ற வேண்டும் என்பது சரிதான். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் திறக்காது, நீலத்திரை அடித்து நிற்கும். ‘எரேஸ் டிஸ்க்’ கொடுத்தால் மனுக்கள் அத்தனையும் போய்விடும். அவர் பிழைப்பே அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது.

முதலில் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

வன்பொருள் பழுது

எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸில் ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே.

நடப்பது இதுதான். ஆர்எஸ்டி என்பது இன்டெல்லின் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் வசதி. சில லேப்டாப்களை விற்கும்போதே பயாஸில் ‘ரெய்டு’ (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறை) நிலையில் வைத்துத் தருகிறார்கள், உள்ளே ஒரே ஒரு எஸ்எஸ்டிதான் இருந்தாலும்கூட. அந்த நிலையில் என்விஎம்இ எஸ்எஸ்டி தன் சொந்த முகத்தோடு வெளியே தெரியாது, டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்து நிற்கும். விண்டோஸில் அதற்கான இன்டெல் டிரைவர் இருப்பதால் கண்டுகொள்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அந்த வழியாக எஸ்எஸ்டியை எடுப்பதில்லை.

உறுதிசெய்துகொள்ள, பென் டிரைவிலிருந்து மின்ட்டைத் திறந்து டெர்மினலில் ‘சூடோ’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளைச் சிறிய எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நீளமாக ஓடும். அதில் ஏஎச்சிஐ என்று தொடங்கும் வரிகளுக்கு நடுவே ‘ரீமேப் செய்யப்பட்ட ஒரு என்விஎம்இ சாதனம் கிடைத்தது’ என்றும், அடுத்த வரியில் ‘பயன்படுத்த வேண்டுமானால் பயாஸை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று’ என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறதா பாருங்கள். கர்னலே வாய்திறந்து சொல்லிவிடும்.

இன்னொரு கேள்வி. உள்ளே எஸ்எஸ்டி மட்டும்தானா? அல்லது ஹார்டு டிஸ்க்கோடு, அதை வேகப்படுத்தும் இன்டெல் ஆப்டேன் நினைவகம் சேர்ந்திருக்கிறதா? ஆப்டேன் இருந்தால், விண்டோஸில் உள்ள இன்டெல் செயலிக்குள் போய் அதை முதலில் முடக்க வேண்டும். முடக்காமல் பயாஸை மாற்றினால் தரவு கெட வாய்ப்பு உண்டு. அதனால் இதைச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மனு தட்டச்சு

அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டு வரியும் அப்படியே இருக்கின்றன! ஆப்டேன் இல்லை, எஸ்எஸ்டி மட்டும்தான். டீச்சர் சொன்னபடி பிரதி எடுத்து, கடைப் பக்கத்து வக்கீல் அலுவலகக் கணினியில் திறந்தும் பார்த்துவிட்டேன். அடுத்து என்ன?

வன்பொருள் பழுது

நல்லது. இப்போது வரிசை மாறாமல் செய்யுங்கள். வரிசைதான் இதில் முக்கியம்.

விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அணைத்துவிட்டு, முழுதாக அவிழ்ந்து முடியும்வரை காத்திருங்கள். அணைக்க விருப்பமில்லை என்றால் 48 இலக்க மீட்புச் சாவியையாவது தாளில் எழுதி வையுங்கள். பயாஸை மாற்றியதும் அதைக் கேட்கக்கூடும், அது இல்லாமல் உள்ளே போக முடியாது.

அப்புறம் விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் திறந்து, ‘பூட்’ பக்கத்தில் ‘சேஃப் பூட் – மினிமல்’ என்பதில் டிக் போடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்த உடனே எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய்விடுங்கள் (சில நிறுவனங்களில் எஃப்10 அல்லது டெலீட் விசை). அங்கே சாட்டா ஆபரேஷன் என்ற இடத்தில் ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றிச் சேமியுங்கள். தரவு போய்விடும் என்கிற மாதிரி எச்சரிக்கை வந்தாலும் வரலாம். உங்களுடையது ஒற்றை எஸ்எஸ்டி என்பதால், இந்த மாற்றம் அதிலுள்ள எதையும் அழிக்காது.

இப்போது விண்டோஸ் சேஃப் மோடில், அதாவது அடிப்படை டிரைவர்களோடு மட்டும், திறக்கும். மூலைகளில் ‘சேஃப் மோட்’ என்று எழுதிய கறுப்புத் திரை வரும். அந்த ஒருமுறை திறக்கும்போதே ஏஎச்சிஐக்கும் என்விஎம்இக்கும் தேவையான டிரைவர்களை விண்டோஸ் தானே ஏற்றிக்கொள்ளும். இதற்காகத்தான் இத்தனை சுற்று. மீண்டும் எம்எஸ்கான்ஃபிக் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் வழக்கம்போல வந்துவிடும்.

சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் முழுக் கடவுச்சொல் தெரியுமா என்று தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது தகராறு செய்தால் பயாஸில் மறுபடி ரெய்டுக்கே மாற்றுங்கள், பழையபடி திறக்கும்.

வேகப்பிரியன்

சேஃப் பூட் வழி எனக்குத் தெரியாது. நான் சொன்னதை விட்டுவிடுங்கள், இவர் சொல்வதைச் செய்யுங்கள்.

கணினி ஆசிரியை

விண்டோஸ் சரியாகத் திறந்த பிறகு, மின்ட்டுக்குப் போகும் முன் இரண்டு வேலை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்பதை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அப்போது மின்ட்டிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எதையும் சேமிக்க முடியாது. அடுத்தது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி அளவுக்குக் காலியிடம் விடுங்கள். விண்டோஸ் பகுதியை விண்டோஸே சுருக்குவதுதான் பாதுகாப்பு.

அதன்பின் நிறுவியில் ‘விண்டோஸ் பூட் மேனேஜருடன் சேர்த்து நிறுவு’ என்ற வாய்ப்பு வரும். அதைத் தேர்ந்தெடுங்கள். வரவில்லை என்றால் எதையும் அமுக்காமல் இங்கே வந்து சொல்லுங்கள்.

விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொள்வதென்றால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள், 2026 அக்டோபர் 13 வரை ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது.

மனு தட்டச்சு

நிறுவிவிட்டேன்! விண்டோஸ், மின்ட் இரண்டும் திறக்கின்றன, ஒரு கோப்பும் போகவில்லை. அண்ணாவுக்கும் டீச்சருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

ஆனால் மின்ட்டில் வைஃபை இல்லை. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் பிராட்காம் 43142 என்று இருக்கிறது. அதோடு தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன், எழுத்து வருகிறது, ஆனால் ‘அம்மா’ சரியாக வரமாட்டேன் என்கிறது. ம-வை இரண்டு தடவை அடித்தால் ‘மம’ என்றே நிற்கிறது.

வன்பொருள் பழுது

வைஃபை எளிது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள், நெட் வந்துவிடும். டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவரைக் காட்டும், நிறுவுங்கள். செக்யூர் பூட் (நம்பகமில்லாத மென்பொருள் தொடக்கத்தில் ஏறாமல் தடுக்கும் வசதி) இயங்கினால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத்திரை ஒன்று வரும். அது பழுது இல்லை, பயப்படாதீர்கள். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். தவறவிட்டால் டிரைவர் இருந்தும் வைஃபை வராது.

கணினி ஆசிரியை

நீங்கள் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலிருந்து தமிழ்99-ஐச் சேர்த்திருக்கிறீர்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் கொடுக்கும், முன்னால் அடித்தது என்ன என்று பார்க்காது. தமிழ்99-இன் அழகே அதன் விதிகளில்தான் இருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் புள்ளியும் காலும் தானாக விழுந்து ‘அம்மா’ வர வேண்டும். நாள் முழுக்க அடிக்கிறவருக்கு அது இல்லாமல் கை ஓடாது.

அந்த லேஅவுட்டை நீக்கிவிடுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதோடு தமிழ் விசைப்பலகை விதிகளைத் தரும் ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் ‘ஆட்’ கொடுத்தால் தமிழின் கீழ் தமிழ்99, ஃபோனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் என்று வரிசையாக இருக்கும். தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டுப் பழைய தட்டச்சு முறையிலேயே பழகிய ஆள் கடையில் இருந்தால் டைப்ரைட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனு தட்டச்சு

‘அம்மா’ வந்துவிட்டது டீச்சர்! வைஃபையும் வந்துவிட்டது, நீலத்திரையைப் பற்றி முன்பே சொன்னது பெரிய உதவி. பழைய மனுக்கள் வானவில் அவ்வையார் எழுத்துருவில் இருக்கின்றன, லிப்ரே ஆபிஸில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. அவை போனது போனதுதானா?

கணினி ஆசிரியை

எங்கேயும் போகவில்லை. அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து, மின்ட்டில் இருமுறை சொடுக்கி ‘இன்ஸ்டால்’ கொடுங்கள். லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் தமிழாகத் தெரியும். பக்க அமைப்பு கொஞ்சம் நகர்ந்திருந்தால் அச்சிடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக அடிப்பதை மட்டும் யூனிகோடில் அடியுங்கள். தேடினாலும் கிடைக்கும், யாருக்கு அனுப்பினாலும் திறக்கும்.

புதிதாக வந்தவன்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே ஆர்எஸ்டி திரைதான். பதினொன்றாம் தலைமுறை ஏசர். பயாஸில் ரெய்டு, ஏஎச்சிஐ என்று எதுவுமே இல்லையே?

வன்பொருள் பழுது

பதினொன்றாம் தலைமுறையில் அதற்குப் பெயர் விஎம்டி கன்ட்ரோலர். சில ஏசர் மாடல்களில் அந்த வரி மறைந்திருக்கும். பயாஸில் ‘மெயின்’ பக்கத்தில் நின்று கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்துங்கள், தெரியும். அதை ‘டிஸேபிள்’ செய்யும் முன் மேலே சொன்ன பிரதி, பிட்லாக்கர், சேஃப் பூட் வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். உங்கள் லேப்டாப்பில் பிட்லாக்கரை முதலில் பாருங்கள். புது லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.