சக்கர் மீனுக்கு வயிறு ஒட்டிப்போகிறது, ஒன்று செத்துவிட்டது. என்ன தீனி கொடுப்பது?

தண்டையார்பேட்டை (கேள்வி):
எல்லோருக்கும் வணக்கம். வீட்டு ஹாலில் இரண்டடி டேங்க் இருக்கிறது. அதில் நான்கு மோலி, ஆறு கப்பி, வாயால் கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்கிற சக்கர் மீன் இரண்டு. சக்கர் இரண்டையும் இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கினோம். "இதுக்குத் தனியா தீனி வேணாம் சார், கண்ணாடிப் பாசியைத் தின்னே வளர்ந்துடும்" என்றார் கடைக்காரர். அதை அப்படியே நம்பிவிட்டேன்.

முதல் மூன்று வாரத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆனது, எங்களுக்கும் சந்தோஷம். போன செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் ஒன்று செத்துக் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், அடிவயிறு ஸ்பூன் மாதிரி குழிந்திருந்தது. மிச்சம் இருப்பதற்கும் இப்போது அதே மாதிரி ஆகிறது. கண்ணாடியில் ஒட்டும்போது வெளியிலிருந்தே தெரிகிறது.

அதன் பிறகு வேஃபர் (அடியில் மூழ்கும் தீனி வில்லை) வாங்கிப் போட்டேன். மோலிகள் சுற்றி நின்று கொத்தியே முடித்துவிட்டன. வெள்ளரிக்காய் வெட்டிப் போட்டேன். அது மிதந்துகொண்டே இருந்தது, இரண்டாம் நாள் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கைப்பிடி கல் உப்பு போடச் சொல்கிறார். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் "சக்கர் இருக்காப்பா?" என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்:
உப்பு மட்டும் போடாதீர்கள் சகோ. மோலி உப்பைத் தாங்கும், சக்கருக்கு ஆகாது. இது பட்டினி மாதிரிதான் தெரிகிறது, மருந்துக் கடைப் பக்கம் போகவே வேண்டாம். கலங்கிய தண்ணீரில் கால் பங்கை இன்றே மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ, குளோரின் போக்கும் சொட்டு மருந்து கலக்காமல் ஊற்ற வேண்டாம்.

கொளத்தூர்:
தம்பி, நான் பன்னிரண்டு வருடமாக மீன் குஞ்சு எடுக்கிறவன். மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இந்த மீன் இப்படித்தான் நிறைய வீட்டில் சாகிறது. டேங்கைச் சுத்தம் செய்ய வந்த ஆள் என்று நினைத்து யாரும் சோறு போடுவதில்லை. உங்கள் இரண்டடி டேங்கில் இரண்டு சக்கருக்குப் பாசி மூன்று வாரம்தான் வந்திருக்கிறது. கண்ணாடி பளிச்சென்று ஆன அன்றே அவற்றின் சாப்பாடு தீர்ந்துவிட்டது.

முதலில் அது எந்த சக்கர் என்று பாருங்கள். முதுகுத் துடுப்பு விரியும்போது ஒரு போட்டோ எடுத்து அதில் உள்ள கம்பிகளை எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் ஒரு அடிக்கு மேல் வளர்கிற பெரிய சக்கர். உங்கள் டேங்க் அதற்குப் போதாது, இப்போதே ஒரு பண்ணையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். இடம் போதவில்லை என்று ரெட்டேரியிலோ வேறு ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது. நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீனுக்கு இடமில்லாமல் செய்கிறது, வலையையும் கிழிக்கிறது. ஏழெட்டு கம்பிதான் என்றால் பெரும்பாலும் பிரிசில்நோஸ் என்கிற சின்ன வகை சக்கராக இருக்கும். நான்கைந்து அங்குலத்தோடு நின்றுவிடும், உங்களுக்குச் சரியான மீன்.

தீனிக்குச் சுரைக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். சுரைக்காயை ஒரு துளி கடித்துப் பார்த்துவிட்டே போடுங்கள். கசந்தால் நமக்கும் ஆகாது, மீனுக்கும் வேண்டாம். தோல் சீவி, விரல் தடிமனில் ஒரு வட்டம் வெட்டி, உப்பு போடாத கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். ஆறியதும் எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்கினால் அடியில் நிற்கும், மிதக்காது. காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நீங்கள் இரண்டு நாள் விட்டதால்தான் அழுகி, பாக்டீரியா பெருகித் தண்ணீர் கலங்கியது. வேஃபர் வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் போதும்.

ஒன்று கேட்கிறேன். டேங்க் லைட்டை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள்?

தண்டையார்பேட்டை:
அண்ணா, ரொம்ப நன்றி. போட்டோவில் எண்ணினேன், எட்டு கம்பி. லைட்டை அணைப்பதே இல்லை அண்ணா. நாங்கள் ஹாலில்தான் படுக்கிறோம், பாப்பா இருட்டில் பயப்படுவாள். அதனால் டேங்க் லைட்டையே நைட் லேம்ப் மாதிரி விட்டுவிடுகிறோம்.

கொளத்தூர்:
அங்கேதான் இருக்கிறது தம்பி. இது இராத்திரி மேய்கிற மீன். வெளிச்சம் இருக்கும்வரை மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் அதற்கு இராத்திரியே வரவில்லை. வேஃபர் போட்டும் அது வராததற்கு மோலி பாதிக் காரணம்தான், லைட் மீதிப் பாதி.

பாப்பாவுக்குச் சமையலறைப் பக்கம் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டுவிடுங்கள். லைட்டை அணைக்கும் முன் மோலிக்கும் கப்பிக்கும் ஒரு ஓரத்தில் தீனி போட்டு வயிற்றை நிரப்புங்கள். அணைத்து அரை மணி கழித்து, சக்கர் ஒதுங்குகிற மூலையில் சுரைக்காயை இறக்குங்கள். ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த மண்சட்டித் துண்டைக் கவிழ்த்து வையுங்கள். முடிந்தால் மீன் கடையில் விற்கிற டிரிஃப்ட்வுட் (டேங்கில் போடுகிற மரக்கட்டை) ஒன்று, அதையும் சுரண்டிக்கொண்டிருக்கும். முதல் நாளே தின்னவில்லை என்றால் பயப்படாதீர்கள். காய் பழக்கமில்லாத மீன் நான்கைந்து நாள் எடுக்கும்.

ராயபுரம்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. எங்கள் வீட்டில் பாசியையே வளர்க்கிறோம். டேங்கில் தண்ணீர் மாற்றும்போது எடுக்கிற பழைய தண்ணீரை ஒரு பக்கெட்டில் ஊற்றி, உள்ளங்கை அளவு கூழாங்கல் நாலைந்து போட்டு மொட்டைமாடி வெயிலில் வைப்பேன். நம் ஊர் வெயிலுக்கு பத்து பதினைந்து நாளில் கல்லெல்லாம் பச்சை பிடித்துவிடும். ஒரு கல்லை டேங்கில் போட்டு, சுத்தமாகிப் போன கல்லை மறுபடி பக்கெட்டுக்குக் கொண்டுபோவேன். வயிறு ஒட்டிய மீனுக்கு இதைவிடப் பழகிய சாப்பாடு கிடையாது. காயைத் தொடாத மீன்கூட இதில் வாய் வைக்கும்.

பக்கெட் வாயைக் கொசுவலைத் துணியால் இறுக்கிக் கட்ட மறக்காதீர்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படி நிற்கிற தண்ணீரில்தான். மாநகராட்சிக்காரர்கள் மாடி ஏறிப் பார்க்கிறார்கள், அவர்கள் பார்ப்பதும் நியாயம்தான்.

தண்டையார்பேட்டை:
ஒன்பது நாள் ஆயிற்று, வந்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதல் மூன்று நாள் சுரைக்காய் அப்படியே இருந்தது. காலையில் எடுத்துப் போடும்போது கை கனத்தது. நான்காம் நாள் இராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மொபைல் டார்ச்சில் விரலை மூடி, சிவப்பாகக் கசிகிற வெளிச்சத்தில் பார்த்தேன். சுரைக்காய் மேல் படுத்திருந்தது! வாய் மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் வட்டத்தின் நடுவில் விதை இருந்த சதை காணவில்லை. ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குழி, துருவலில் தேய்த்த மாதிரி. பாப்பாவை எழுப்பிக் காட்டினேன்.

இப்போது வயிறு குழிவு இல்லை, தட்டையாக இருக்கிறது. பச்சையாக நூல் மாதிரி நீளமாகக் கழிகிறது, அது சரிதானே? இன்னொன்று, மத்தியானத்தில் இரண்டு மூன்று தரம் விருட்டென்று மேலே போய்க் காற்றுக் குடித்துவிட்டு இறங்குகிறது. துணைக்கு ஒன்று வாங்கலாமா என்று பாப்பா கேட்கிறாள். கடையில் மஞ்சளாக ஒரு சக்கர் பார்த்தோம்.

கொளத்தூர்:
பச்சை நூல் நல்லதுதான், உள்ளே போனது செரிக்கிறது என்று அர்த்தம். தட்டையான வயிறு இன்னும் கொஞ்சம் உருண்டு வரவேண்டும், அதுவரை தினமும் கொடுங்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். சுரைக்காய் கிடைக்காத நாளில் பீர்க்கங்காய், இல்லையென்றால் பாலக்கீரை இரண்டு இலை, அதே மாதிரி வெந்நீரில் காட்டி.

மேலே வந்து காற்றுக் குடிப்பது மத்தியானத்தில் என்றால் தண்ணீர் சூடு. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். இந்த மீன் காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும், மற்ற மீனுக்கு அந்த வசதி இல்லை. ஏர் பம்பை இரவு பகல் ஓடவிடுங்கள், மேல் மூடியைப் பகலில் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

மஞ்சள் சக்கர் என்று விற்பதில் பல வகை உண்டு. வாய் கீழ்ப்பக்கம் தட்டு மாதிரி, தலை அகலமாக, கண் சிவப்பாக இருந்தால் அது வெள்ளைப் பிரிசில்நோஸாக இருக்கலாம். உடம்பு ஒல்லியாக, மூக்கு கூராக, விருட் விருட்டென்று ஓடினால் அது சைனீஸ் ஆல்கே ஈட்டர். சின்னதில் பாசி தின்னும், பெரிதானதும் மற்ற மீனைத் துரத்தி உடம்பில் ஒட்டி உறிஞ்சும். அதை வாங்கவே வாங்காதீர்கள். எதுவானாலும் இன்னும் ஒரு மாதம் போகட்டும் தம்பி. இருப்பது முதலில் வயிறு நிறைந்து நிற்கட்டும், பாப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை:
சரி அண்ணா, சொல்லிவிட்டேன். ஒரு மாதம் எப்போது முடிகிறது என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள். பக்கெட்டும் மாடிக்குப் போய்விட்டது, வலை கட்டி.