மலையில்லாத ஊர்க்காரர்கள் மலைக்குத் தூக்கிப்போன வி.எச்.எஃப். செட்டுகள்

தேவிபட்டினத்திலிருந்து:

ஹாம் ரேடியோ (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வைத்திருக்கிறோம், மலை உச்சியில் நின்று 2 மீட்டர் பேண்டில் (144 மெகாஹெர்ட்சை ஒட்டிய வி.எச்.எஃப். அலைவரிசை) பேச ஆசை, கனமில்லாத செட்டாக எதை வாங்கலாம் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆலோசனை சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. நான் பட்டதைச் சொல்கிறேன், மற்றவர்களும் அவரவர் பட்டதைச் சொல்லுங்கள்.

நம் கரையோரத்தில் மலை ஏது? ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறது. ராமர் பாதம் உள்ள மண்டபத்தின் மாடியில் நின்றால் தீவு முழுக்கத் தெரியும். பெயர் பர்வதம், ஆள் மணல்மேடு. அதனால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக்குப் போனேன். பாரியின் பறம்பு மலை என்பார்களே, அதுதான். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா.

முதல் தடவை நான் கட்டிய மூட்டையைக் கேளுங்கள். காரில் மாட்டுகிற 50 வாட் மொபைல் ரிக் (ரேடியோ செட்), 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி, 15 மீட்டர் ஆர்.ஜி. 58 ஆன்டெனா கேபிள், மூன்று துண்டு அலுமினியக் குழாய், அப்புறம் தண்ணீர். பேட்டரி மட்டுமே இரண்டு கிலோவைத் தாண்டும். பாதி மலையில் பாறை சுட ஆரம்பித்தபோது பேட்டரியை அங்கேயே ஒரு புதரில் வைத்துவிட்டுப் போகலாமா என்று கூட யோசித்தேன்.

உச்சிக்குப் போய் மைக்கை அமுக்கினால் ரிக் அணைந்து அணைந்து எரிகிறது. 50 வாட்டில் அது இழுப்பது 10 ஆம்பியர் போல. அந்தச் சின்ன பேட்டரிக்கு அது தாங்கவில்லை, வோல்ட் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் 5 வாட்டுக்கு இறக்கினேன். தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மச்சான் காத்திருந்தார். காக்கை பறக்கும் கணக்கில் சுமார் 100 கிலோமீட்டர். "பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது மாப்ளே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் மூட்டை முழுக்க வீண் என்று ஆகிவிட்டது. எஃப்.எம்.மில் இரைச்சல் அடங்குகிற அளவுக்கு சிக்னல் போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்கு மேல் எத்தனை வாட் ஊற்றினாலும் எதிராளியின் காதில் வித்தியாசமே இருக்காது. பேச்சைக் கொண்டுபோனது மலைதான்.

மண்டபத்திலிருந்து:

தம்பி, புதரில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை.

கணக்கு ரொம்பச் சுலபம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கு. வருவதுதான் ரேடியோ தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், கிலோமீட்டரில். கடற்கரையில் நின்றுகொண்டு ஹேண்டியை (கையடக்க செட்டை) வாயருகே பிடித்தால் 5 கிலோமீட்டர். 600 மீட்டர் மலையில் 100 கிலோமீட்டர். இரண்டு பக்கத்துத் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 5 வாட்டை 50 வாட் ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபல், சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு புள்ளிகூட இல்லை. ராமேஸ்வரத்தில் 323 மீட்டருக்கு டிவி டவர் நிற்கிறது. அதன் உச்சியில் 10 நிமிடம் உட்கார விட்டால் எனக்கு அரை வாட் போதும். யார் விடுவார்கள்!

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு மலை இல்லாவிட்டாலும் கடல் இருக்கிறது. 80களில் வந்த எஃப்.டி. 290ஆர் செட் என்னிடம் இருந்தது. எட்டு செல் போட்டால் இரண்டரை வாட், எஸ்.எஸ்.பி.யும் (எஃப்.எம்.மைவிட மெல்லிய சிக்னலிலும் புரிகிற பேச்சு முறை) உண்டு. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். வடகடல் (பாக் விரிகுடா) அசையாமல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிற காலைகளில், கச்சான் காற்று கிளம்புவதற்கு முன், கரையில் உட்கார்ந்துகொண்டே 4எஸ்7 (இலங்கை) நிலையங்களைப் பிடித்திருக்கிறேன், கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பவர்களை அல்ல, உள்ளே வெகுதூரத்தில் இருப்பவர்களை. தரையிலிருந்து வரும் காய்ந்த சூட்டுக்காற்று, கடலை ஒட்டிக் கிடக்கும் ஈரக்காற்றின் மேல் மூடிபோல் படிந்துவிடும். அலை மேலே தப்பிப் போகாமல் அந்த இடுக்கிலேயே வளைந்து வளைந்து ஓடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டீக்கடை ரேடியோவில் நம் நிலையத்தின் மேல் இலங்கைப் பண்பலை ஏறி உட்கார்ந்தால் வீட்டுக்கு ஓடிப்போய் செட்டை எடு.

அப்படிப்பட்ட நாளில் மலையில் இருப்பவன்தான் ஏமாளி. அவன் அந்த மூடிக்கு மேலே நிற்கிறான். நான் ஒருமுறை சிறுமலை வரை போய் வெறும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே கரையில் நண்பர் ஒருவர் காலை எட்டு மணிக்குள் ஐந்து பேரோடு பேசி முடித்துவிட்டார். அவர் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

எஸ்.எஸ்.பி. செய்கிறவர்கள் ஆன்டெனாவைப் படுக்கையாக வையுங்கள். எஃப்.எம். ஆட்கள் நிமிர்த்தி வைப்பார்கள், எஸ்.எஸ்.பி. ஆட்கள் கிடத்துவார்கள். மாறிப்போனால் 20 டெசிபல் வரை போய்விடும். முதல் மூன்று மாதம் நான் நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன்.

பாம்பனிலிருந்து:

சார், அண்ணா, இரண்டு பேருக்கும் வணக்கம். நான் போன வருடம்தான் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வு எழுதி, வி.யு. 3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கினேன். கல்லூரிப் பணத்தில் மிச்சம் பிடித்து விலை குறைந்த ஒரு சீன ஹேண்டி வாங்கினேன். கால் கிலோதான். எடையில் குறை சொல்ல முடியாது.

வீட்டில் நன்றாகக் கேட்டது. பாலத்துப் பக்கம் போனால் செவிடு. ஒரு டவர் அருகே நின்றபோது இரண்டு கிலோமீட்டரில் இருந்த அப்பாவின் செட்டே கேட்கவில்லை. ஹேண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழாத குறை. அப்புறம்தான் தெரிந்தது: இந்த மாதிரி செட்டுகளில் முன்பக்கம் வடிகட்டி சரியாக இருக்காது, பக்கத்தில் பலமான சிக்னல் எதுவாக இருந்தாலும் ரிசீவர் திணறிவிடும். மலை உச்சிகளில் டவர் இல்லாத உச்சி எத்தனை இருக்கிறது சொல்லுங்கள். அதனால் அடுத்த செட் 100 கிராம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, காது நன்றாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, சீனியர் ஒருவரிடம் பழைய எஃப்.டி. 60 வாங்கினேன். 370 கிராம். அதே டவர், அதே இடம், அப்பா கேட்டார்.

இன்னொரு பாடம் ஆன்டெனா முனையில். ரப்பர் குச்சியைக் கழற்றிவிட்டு நீளமான விப் ஆன்டெனா ஒன்றை நேராக ஹேண்டி தலையில் மாட்டிக்கொண்டு நடந்தேன். கிளை ஒன்றில் சிக்கி எஸ்.எம்.ஏ. முனை (ஆன்டெனாவைத் திருகுகிற இடம்) போர்டோடு ஆடிவிட்டது. இப்போது ஒரு சாண் கேபிளில் பி.என்.சி. இணைப்பு வைத்து, இழுப்பு ஹேண்டியில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். ரப்பர் குச்சியோடுதான் போக வேண்டும் என்றால் 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை முனையின் வெளிவளையத்தில் சுற்றித் தொங்க விடுங்கள். புலிவால் என்பார்கள். ஐந்து ரூபாய்கூட ஆகாது, எடையும் இல்லை. எனக்கு அதில் கிடைத்த வித்தியாசம், செட் மாற்றியதில் கிடைத்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு.

அரிச்சல்முனையில் ஒரு மாலை சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும் நேரம் பார்த்து, 145.800இல் காதை வைத்து நின்றேன். மறைக்க ஒன்றுமே இல்லாத இடம். கடலிலிருந்து எழுந்து கடலில் இறங்கும் வரை சுமார் 10 நிமிடம், படம் அனுப்புகிற அந்தக் கீச்சொலி முழுக்கக் கேட்டது. போனில் பதிவு செய்து வீட்டில் பிரித்தால் முக்கால் படம் வந்தது. நான் ஆன்டெனாவை வானத்தில் துழாவுவதைப் பார்த்து சீருடையில் இருவர் வந்துவிட்டார்கள். அக்கரை 30 கிலோமீட்டர்தானே, அவர்கள் கேட்பதும் நியாயம்தான். லைசென்ஸ் நகல் பையில் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, "விண்வெளியிலிருந்தா? இந்த டப்பாவிலா?" என்று அவர்களும் கடைசி இரண்டு நிமிடம் கேட்டார்கள். நகல் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆர்.எஸ். மங்கலத்திலிருந்து:

பிரான்மலை, சிறுமலை எல்லாம் சரி. எனக்கு முட்டி வலி. கண்மாய்க் கரைதான் என் மலை. பனை ஏறுகிற பெரியவர் ஒருவர் பதநீர் இறக்கப் போகும்போது என் ரிப்பன் ஆன்டெனாவைக் கயிற்றோடு மேலே கொண்டுபோய் மட்டையில் கட்டிவிடுவார். கரை, அதன் மேல் பனை, மொத்தம் 20 மீட்டர் தேறும். கீழே கட்டிலில் படுத்துக்கொண்டு பேசலாம். கேபிள்தான் கொஞ்சம் குடிக்கிறது.

கீழக்கரையிலிருந்து:

கேபிள் குடிப்பதைப் பற்றிச் சொன்னீர்களே, 10 மீட்டர் ஆர்.ஜி. 58இல் 145 மெகாஹெர்ட்சுக்கு 2 டெசிபல் போகும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேபிளிலேயே சூடாகிவிடுகிறது. எடை குறையட்டும் என்று பென்சில் ஈயம் போன்ற மெல்லிய கேபிளுக்குப் போனால் இன்னும் மோசம். கேபிளைக் குட்டையாக்குவதுதான் வழி, மெல்லியதாக்குவது அல்ல.

நாங்கள் கடல் தொழில் குடும்பம். என் அனுபவம் உப்பைப் பற்றியது. பி.வி.சி. குழாயில் இரும்பு அளவு நாடாவை வெட்டிப் பொருத்தி மூன்று குச்சி யாகி (ஒரு பக்கம் நோக்கிப் பேசும் ஆன்டெனா) செய்வார்களே, அதைச் செய்தேன். பின் குச்சி 105 சென்டிமீட்டர், முன் குச்சி 89, நடுவில் இரண்டு துண்டு. மடக்கிச் சுருட்டிப் பைக்குள் போடலாம், முள்ளுக்காட்டில் நுழைந்தாலும் வளைந்து நிமிரும், எடை அரைக்கிலோவுக்குள். மலைக்கு இதைவிட நல்ல ஆன்டெனா எனக்குத் தெரியாது. ஆனால் தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரம் ஒரே ஒரு ஆனி மாதம் வெளியே விட்டேன், வெட்டிய விளிம்பிலிருந்து துரு ஏறி, பற்று வைத்த இடம் கையோடு வந்துவிட்டது. இப்போது விளிம்புகளில் நெயில் பாலிஷ் அடிக்கிறேன், கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கிறேன். கச்சான் அடிக்கும்போது நாடா சாட்டை மாதிரி ஆடும். அந்த நாளில் வெளியே எடுக்காதீர்கள், எதிராளிக்கு உங்கள் சிக்னல் ஊஞ்சலாடும்.

கொஞ்சம் கோபமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். மலையிலிருந்து படகுக்காரர்கள் பேசுவது கேட்கிறது என்று சிலர் ஹேண்டியின் அலைவரிசைப் பூட்டைத் திறந்துவிட்டு மரைன் சேனலில் பேச்சுக் கொடுக்கிறார்கள். 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்தில் கூப்பிடுவதற்கானது. எங்கள் வல்லம் ஒருமுறை இன்ஜின் நின்று நடுக்கடலில் கிடந்தபோது சித்தப்பா அதில்தான் கூப்பிட்டார். இந்தப் பேண்டில் நம் லைசென்ஸ் 144இலிருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். உயரத்திலிருந்து அமுக்கினால் 100 கிலோமீட்டர் சுற்றளவில் அந்தச் சேனல் அடைபடும்.

தேவிபட்டினத்திலிருந்து:

அண்ணே, கடைசியாகச் சொன்னதை நான் மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

என் இரண்டாவது பிரான்மலைப் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டி, உபரியாக ஒரு பேட்டரி, பழைய டிவிக்குப் போட்டிருந்த 300 ஓம் பட்டை ஒயரில் செய்த சுருட்டி வைக்கிற ஜே-போல் ஆன்டெனா, 3 மீட்டர் கேபிள், நீட்டி மடக்கும் தூண்டில் கம்பு. வீட்டுத் தராசில் எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ. கம்பு கண்ணாடி இழையில் இருக்கட்டும். கடையில் கார்பன் கம்பைக் காட்டி லேசாக இருக்கிறது என்பார்கள், கார்பன் மின்சாரம் கடத்தும், ஒட்டிக் கட்டின ஜே-போலைக் கெடுத்துவிடும். எனக்கு அப்படி ஒரு கம்பு வீட்டில் சும்மா கிடக்கிறது, மீன் பிடிக்கிறவர் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு மச்சானோடு பேசினேன், ராமநாதபுரம் டவுனில் இருவரோடு பேசினேன், மதுரைப் பக்கம் நான்கு பேர். இறங்கும்போது கால் நடுங்கவில்லை.

எஃப்.டி. 817, ஐ.சி. 705 செட்டுகளைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: இரண்டும் ஒரு கிலோவைத் தாண்டும், எஸ்.எஸ்.பி. உண்டு. மண்டபம் சார் சொன்ன கடல் இடுக்கை வேட்டையாட ஆசை இருந்தால் அந்தக் கனத்துக்கு அர்த்தம் இருக்கிறது. எஃப்.எம். மட்டும் போதும் என்றால் அந்தப் பணத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுங்கள், வீட்டில் அடுத்த மலைக்கும் அனுப்புவார்கள். கார் ரிக்கை இன்னும் தூக்கத்தான் போகிறேன் என்பவர்கள் குறைந்தபட்சம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுங்கள். அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கனம்தான், வோல்ட்டும் அப்படிப் படுக்காது.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மறுபடி ஏறுகிறேன். பாம்பன் தங்கச்சி, முடிந்தால் கந்தமாதன மாடிக்கு வந்துவிடு, தொடுவானக் கணக்குப்படி எட்டக்கூடாது, எட்டுகிறதா பார்ப்போம். கீழக்கரை அண்ணே, யாகிக்கு நெயில் பாலிஷ் என்ன நிறம்? வீட்டில் எடுத்தால் மாட்டிக்கொள்வேன், கடையில் வாங்கத்தான் கேட்கிறேன்.