கருப்பு அட்டை நிர்வாணா ஒன்றே போதுமாம்!

பழைய கேசட்: நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: 2002இல் வந்த, நிர்வாணா ராக் குழுவின் ஹிட்ஸ் தொகுப்பு ஒன்றே போதும், மற்ற ஆல்பங்கள் எல்லாம் அலமாரியை நிரப்பத்தான் என்று. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 14 பாட்டு இருக்கிறது, 'ட்ரெயின் யூ' இல்லை. அவர்களின் பெரிய ஹிட்டான 'டீன் ஸ்பிரிட்'டுக்குக் குறைந்ததில்லை என்று பாடகர் கர்ட் கோபெய்னே சொன்ன பாட்டு. அது இல்லாமல் என்ன ஹிட்ஸ்?

மழைக்கோட்டு: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கூச்சப்படாதீர்கள். முதல் பாட்டைப் போட்டுக் கேட்டீர்களா? 'யூ நோ யூ ஆர் ரைட்'. 1994 ஜனவரியில் பதிவு செய்தது, ஏப்ரலில் கோபெய்ன் உயிரோடே இல்லை. மனைவி கோர்ட்னி லவ் ஒரு பக்கம், ட்ரம்மர் க்ரோலும் பேஸ் கிடார் நோவோசெலிக்கும் மறுபக்கம் என்று வழக்காடி ஓய்ந்து, எட்டு வருடம் கழித்து வெளிவந்தது. கிடார் சின்ன மணி மாதிரி சிணுங்கித் தொடங்கும், அப்புறம் ஒரே சொல்லை இழுத்து இழுத்துத் தொண்டையைக் கிழித்துக்கொள்வார். அதற்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

பழைய கேசட்: ஒரு முழம் பூ கேட்டால் கூடையோடு தலையில் கட்டுகிற வியாபாரம். மீதி 13 பாட்டில் பெரும்பாலானவை என்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன. சரி, 'ட்ரெயின் யூ' எங்கே?

மழைக்கோட்டு: அது சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு வெளியீடாக, வரவில்லை. அது இருக்கிற 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் நான்கு சிங்கிளும் தொகுப்பில் உண்டு. எண்ணிப் பாருங்கள்.

பழைய கேசட்: அப்படியா? 'டம்ப்' எந்தக் கடையில் சிங்கிளாக விற்றது? 'பீன் எ சன்'? அவற்றுக்கு மட்டும் இடம் எப்படி வந்தது? 'ட்ரெயின் யூ' நடுவில் ரப்பர் பொம்மையை அமுக்குகிற சத்தமும் ஸ்ப்ரே டப்பா சீறலும் வரும், பிறகு எல்லாம் சேர்ந்து வெடிக்கும். கேட்டிருந்தால்தானே தெரியும்.

மூன்று கார்டு: நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள், நான் 'ஸ்லிவர்' கேட்கிறேன். அதில் க்ரோலின் அடி, அடடா!

பழைய கேசட்: அது க்ரோல் இல்லை, தம்பி. மட்ஹனி குழுவின் டேன் பீட்டர்ஸ், 1990. தொகுப்பு கேட்டே வளர்ந்தால் இப்படித்தான்.

மூன்று கார்டு: ஒரு ட்ரம்மர் பெயர் தெரிந்ததற்கு இவ்வளவு திமிரா? போன மாதம் பேர்ல் ஜாம் குழு பற்றிய திரியில், அதன் பாடகர் எடி வெட்டர் சியாட்டிலில் பிறந்தவர் என்று அடித்துச் சொன்னது யாராம்?

பழைய கேசட்: அது தட்டச்சுப் பிழை.

மழைக்கோட்டு: அவர் பிறந்த இல்லினாயை சியாட்டில் என்று தட்டச்ச எத்தனை விரல் வழுக்க வேண்டும், அண்ணே?

பழைய கேசட்: பேச்சை மாற்றாதீர்கள். 'ட்ரெயின் யூ'.

ஈரத்தலையணை: எனக்கு நிர்வாணா அறிமுகமானதே அக்கா வைத்திருந்த இந்தக் கருப்பு சிடியில்தான். 'அபௌட் எ கேர்ள்' கேட்டுவிட்டுத்தான் அது வந்த முதல் ஆல்பம் 'ப்ளீச்' தேடிப் போனேன். வாசல் மாதிரி வைத்துக்கொண்டால் என்ன குறை?

பழைய கேசட்: வாசல் சரி, வீட்டின் நடுக்கூடத்தை இடித்துவிட்டு வாசல் வைப்பார்களா? மேலும் 'ப்ளீச்'சிலிருந்து ஒரே ஒரு பாட்டு. நான் 'ப்ளீச்' கேசட்டை டேப் தேயும்வரை கேட்டவன்.

மழைக்கோட்டு: இதை ஒன்பதாவது முறையாகச் சொல்கிறீர்கள். டேப்பைவிட எங்கள் காது அதிகம் தேய்ந்துவிட்டது.

மூன்று கார்டு: 'அனியூரிசம்'கூடத்தான் தொகுப்பில் இல்லை.

பழைய கேசட்: அதற்குத் தனித் திரி போடுகிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.