புதுப்பிப்பு: ஃபில்டர் காப்பித் தூளின் மணம் போகாமல் வைப்பது

அரைத்து வாங்கும் காப்பித் தூள் சில நாட்களிலேயே மணம் குன்றிவிடுவதைத் தடுக்க வழி கேட்டு முன்பு இந்த இழையைத் தொடங்கியிருந்தேன். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று சிலரும், கூடவே கூடாது என்று சிலரும் சொல்லியிருந்தீர்கள். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

அன்றாடம் திறக்கும் டப்பாவுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். திறக்கும்போதெல்லாம் சமையலறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தூளின்மீது படிகிறது. சிக்கரி ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்வதால், கலந்த தூள் டப்பாவின் ஓரங்களில் கட்டிதட்டி, டிகாக்‌ஷனும் சரியாக இறங்குவதில்லை.

இப்போது வறுத்த கொட்டையாகவே வாங்கி, இரண்டு மூன்று நாட்களுக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, மேலே காலி இடம் அதிகம் இல்லாதபடி சிறிய எவர்சில்வர் டப்பாவில் நிரப்பி, அடுப்புக்கு எட்டத்தில் வைக்கிறேன். அரைத்ததும் காற்றுப் படும் பரப்பு பன்மடங்காகிவிடுவதால், கொட்டையில் வாரக்கணக்கில் நிற்கும் மணம் தூளில் நாட்கணக்கில்தான் நிற்கிறது. வித்தியாசம் முதல் டிகாக்‌ஷனிலேயே தெரிந்தது, மனம் நிறைந்துவிட்டது.

மொத்தமாக வாங்குபவர்கள் சிறு பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்த பொட்டலத்தை, அதன் குளிர்ச்சி முழுவதும் தணியும்வரை பிரிக்கக் கூடாது, பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்கவும் கூடாது.